பன்னிரண்டு விநாடி முகம்

ஸ்பெயின் நாட்டில் ஓர் இயக்குநரும் ஒரு நடிகையும் இருக்கிறார்கள். பெயர் வேண்டாம், படம் பார்க்கிறவர்களுக்கு விளங்கும். இளம் பெண்ணாக அவருடைய படத்துக்குள் வந்தவர், வருடங்கள் போகப் போக வேறு வேறு பெண்களாகத் திரும்பத் திரும்ப வந்தார். படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே முகத்தில் வயது ஏறுவதைக் காணலாம்.

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக விடுதியில் இருந்தபோது நண்பனின் ஹார்ட் டிஸ்க்கில் அந்தப் படங்கள் கிடைத்தன. நாலு நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடித்தேன். விரிவுரைக்குப் போகவில்லை, முகம் கழுவவில்லை. ஸ்பானிய மொழியில் எனக்கு இன்றைக்கும் நாலைந்து சொற்களுக்கு மேல் தெரியாது. ஆனால் அந்த மனிதர் எங்கே கமராவை வைத்தாலும் அந்தப் பெண் பயப்படாமல் நிற்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. எனக்கும் அப்படி ஒரு நடிகை வேண்டும், இருபது வருடம் சேர்ந்து படம் எடுக்கவேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். அப்போது என்னிடம் கமராகூட இல்லை.

நடிகை கிடைத்தார். கிளிநொச்சியில், ஒரு புடைவைக்கடையில். நாலு படம் எடுத்தோம். நாலாவதோடு எல்லாம் முடிந்துபோனது. முடித்தது நான்தான்.

பட்டம் முடித்து வீட்டுக்கு வந்து, அரச வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம் அது. சும்மா இருக்க ஏலாமல் கலியாண வீடியோ எடுக்கிற ஸ்ரூடியோ ஒன்றில் சேர்ந்திருந்தேன். ஒருநாள் மச்சாளின் கலியாணத்துக்குச் சீலை எடுக்க அம்மாவோடு கடைக்குப் போனேன். எங்களுக்கு முன்னால் ஒரு மணப்பெண்ணின் தாய் ஒரு மணித்தியாலமாக முடிவு எடுக்க முடியாமல் இருந்தார். சீலை காட்டிக்கொண்டிருந்த அக்கா திடீரென்று அந்தச் சீலையைத் தன் தோளில் போட்டார்.

"அன்ரி, இப்ப நான் மாப்பிள்ளையின்ரை பெரியம்மா. பாருங்கோ."

நாடியை உயர்த்தினார். கண் பாதி மூடியது. வாய் ஒரு பக்கம் போனது. கடைக்குள் ஒரு பணக்காரப் பெரியம்மா வந்து நின்றார், சத்தியமாக.

"இஞ்சை பாரடி, பொம்பிளையின்ரை தாய் கட்டியிருக்கிற சீலையை. எங்களைவிட எடுப்பாயெல்லோ கிடக்கு! ஆர் எடுத்துக் குடுத்தது இவவுக்கு?"

கடை முழுக்கச் சிரித்தது. அந்தத் தாய் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்து, அந்தச் சீலையையும் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போனார். அம்மா என்னைக் கிள்ளினார். "என்னடா, வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறாய்?"

அடுத்த நாள் நான் தனியப் போனேன்.

"அக்கா, என்ரை படத்திலை நடிக்கிறீங்களோ?"

"என்ன படம்?"

"குறும்படம்."

"எவ்வளவு குறுகல்?"

"பத்து நிமிசம்."

"பத்து நிமிசத்திலை ஒரு கூறைச்சீலையை ஒழுங்காய் மடிச்சு வைக்கேலாது. அதுக்குள்ளை நீ கதை சொல்லப்போறியோ?" என்றார். பிறகு, "என்ன கதை, சொல்லு பாப்பம்" என்றார்.

அக்காவுக்கு அப்போது முப்பத்திரண்டு முப்பத்திமூன்று வயது இருக்கும். ஸ்கந்தபுரத்தில் மாமியோடு இருந்தார். மாமி என்றால் புருசனின் தாய். புருசன் இல்லை என்று எழுத என் கை வரவில்லை, ஏனென்றால் அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. யுத்தத்தின் கடைசிக் கிழமையில் சனத்தோடு சனமாக வந்துகொண்டிருந்தபோது ஆமிக்காரர் அவரை வேறாக்கி ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கலியாணம் கட்டி ஆறு மாதம். அக்காவும் மாமியும் அந்த பஸ் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதோடு சரி.

பிறகு மரணச் சான்றிதழ் எடுங்கோ என்று சொல்லிப் பலர் வந்தார்கள். இரண்டு பேரும் கையெழுத்து வைக்கவில்லை. மாமி ஒரு பைல் வைத்திருந்தார், மகனின் படங்களும் கடிதங்களும் போட்டு. காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் வீதியோரம் இருந்த கொட்டகைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போய்வருவார். அக்காவின் பங்கு வேறு. காலையில் குளித்து, மாமிக்கு முன்னால் நின்று குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டுதான் பஸ்ஸுக்குப் போவார். மாமி ஒருதரம் நிமிர்ந்து அந்த நெற்றியைப் பார்ப்பார். நான் எத்தனையோ காலையில் அந்த முற்றத்தில் மோட்டச்சைக்கிளை நிறுத்திவிட்டு அதைக் கண்டிருக்கிறேன். கண்டு என்ன?

எங்களுடைய வேலைமுறை இப்படி. அக்கா நான் எழுதிய வசனத்தைப் படிக்கவே மாட்டார். கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: "இவள் காலமை என்ன சாப்பிட்டவள்?"

முதல் தரம் நான் முழித்தேன். "எழுதேல்லை அக்கா."

"அப்ப போய் யோசிச்சுக்கொண்டு வா. வெறும் வயித்தோடை நிக்கிறவளும் புட்டுத் திண்டிட்டு நிக்கிறவளும் ஒரே மாதிரியோ அழுவாளவை?"

பழைய பாணும் சம்பலும் என்று சொன்னால் ஒரு நடை. விரதம் என்றால் வேறு நடை. நான் சொன்ன வசனங்களை எல்லாம் தன் வாயில் போட்டு மென்று வேறாகத் துப்புவார். நான் எழுதியதைவிட அது எப்போதும் நன்றாக இருக்கும். எனக்குக் கோபம் வரும், பிறகு சந்தோசம் வரும். படத்தை வெட்டி ஒட்டியதும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்னறைக்குக் கொண்டுபோய்ப் போனில் காட்டுவேன். சீலைக் கட்டுகளுக்கு மேல் ஏறி இருந்து சோற்றுப் பெட்டியோடு பார்ப்பார். "இதிலை நான் பொய்யாய் நிக்கிறன், எடு" என்பார். எடுப்பேன். அது எங்களுக்குள் சட்டம் மாதிரி. அக்கா பார்க்காமல் ஒரு படமும் வெளியே போகாது.

அந்தப் பின்னறையில் வைத்துத்தான் ஸ்பானியப் படம் ஒன்றையும் காட்டினேன். படத்தின் அடியில் வரும் ஆங்கில எழுத்தை நான் தமிழில் வாசித்துக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரத்தில் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ வாயை மூடு. அவ சொல்லுறது எனக்கு விளங்குது."

படம் முடிந்ததும் கேட்டார், "அவை ரெண்டு பேரும் கலியாணம் கட்டினவையோ?"

"இல்லை அக்கா. கூட்டாளிகள்."

"அது நல்லது. கட்டியிருந்தால் அந்தாள் இப்பிடிப் பாத்திருக்கமாட்டான்." கையைக் கழுவிக்கொண்டே, "வடிவாய்ப் பாக்கிறான். பாத்துப்போட்டுத்தான் படம் எடுக்கிறான்" என்றார்.

நாங்களும் அப்படி இருபது படம் எடுப்போம் அக்கா என்றேன். "எனக்குப் பல்லு விழுந்தாப் பிறகுமோ?" ஓம், பல்லு விழுந்தாப் பிறகும். "அப்ப அந்தப் படத்திலை இவள் காலமை கஞ்சி குடிச்சவள் எண்டு எழுது" என்று சொல்லிச் சிரித்தார்.

நாலாவது படத்தின் கதை இது. வயல் வெட்டுக்காலம். ஒரு பெண் புருசனுக்காகச் சோறு கட்டி வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்று ஒழுங்கையைப் பார்க்கிறாள். உழவு இயந்திரம் புரண்டு அவன் செத்துப்போன செய்தி வருகிறது. ஊர்ப் பெண்கள் சேர்ந்து அவளை விதவையாக்குகிறார்கள். அவ்வளவுதான். நான் எழுதும்போது அக்காவின் வீட்டை நினைக்கவேயில்லை. நம்பமாட்டீர்கள், ஆனால் அதுதான் உண்மை. அது செத்தவனின் கதை, அக்காவின் புருசன் சாகவில்லை. என் மூளையில் இரண்டும் இரண்டு அலுமாரியில் இருந்தன.

ஸ்கந்தபுரத்து வீட்டில் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதையைச் சொன்னேன். அக்கா வழமையான கேள்வியைக் கேட்கவில்லை. உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமிதான் கேட்டார்.

"செத்தவீட்டுக் காட்சியோ? அப்ப பொட்டை என்ன செய்யப்போறாய்?"

"எடுக்கமாட்டன் மாமி" என்றார் அக்கா. "உங்களாணை எடுக்கமாட்டன்."

மாமி தலையை ஆட்டிவிட்டுத் திரும்பப் புடைக்கத் தொடங்கினார். அக்கா என்னிடம் திரும்பினார். "கமராவை எனக்குப் பின்னாலை வை. முதுகிலை நடிச்சுக் காட்டுறன்."

காட்டினார். அந்த மூன்று நிமிடம்போல நான் வாழ்க்கையில் எதையும் எடுத்ததில்லை. ஊர்ப் பெண்களாக நடித்தவர்களின் கைகள் முன்னால் நெற்றிப் பக்கம் போகின்றன. எங்களுக்கு முதுகு மட்டும் தெரிகிறது. தோள்கள் முதலில் இறுகின, பிறகு ஒன்று இறங்கியது, கொஞ்சம் பொறுத்து மற்றது. பிடரி மயிர் ஆடியது. நான் கமராவுக்குப் பின்னால் அழுதேன். எடுத்து முடித்ததும் அக்கா திரும்பினார். பொட்டு அப்படியே இருந்தது.

"போதுமோ டைரக்டர்?"

"போதும் அக்கா. போதும்."

போதும் என்று அன்றைக்கே விட்டிருக்கலாம்.

எங்கள் ஸ்ரூடியோவில் என் வேலை அழிப்பது. மணமகளின் முகத்தில் பரு இருந்தால் அழிப்பேன். கோயில் கோபுரத்துக்குக் குறுக்கே போகிற கரண்ட் வயரை அழிப்பேன். தாலி கட்டும் நேரத்தில் ஐஸ்கிறீமோடு குறுக்கே வந்த மாமாவை அழிப்பேன். அழித்த இடம் தெரியாது. சனம் வந்து கையைப் பிடித்து நன்றி சொல்லும். ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் அப்படி இருந்தால், முகத்தில் இருக்கிற எதுவும் எடுக்கக்கூடியது என்று கைக்குப் பழகிவிடும்.

வெட்டி ஒட்டும்போது படம் முதுகோடு முடிந்தது. நாலைந்து தரம் பார்த்தேன். முடிவில் முகம் வேண்டும் என்று ஒரு அரிப்பு. அந்த ஸ்பானியர் என்றால் முகத்தில்தான் முடித்திருப்பார் என்று எனக்கு நானே சொன்னேன், ஏதோ அவரோடு போனில் கதைத்தவன் மாதிரி. முன்பாதியில் கிணற்றடியில் அக்கா ஒழுங்கையைப் பார்க்கும் ஒரு துண்டு இருந்தது. பன்னிரண்டு விநாடி. கண் அசையாத பார்வை. அதைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தேன். உடம்பு சிலிர்த்தது. ஒரேயொரு இடைஞ்சல்: நெற்றியில் பொட்டு.

பன்னிரண்டு விநாடி என்றால் முந்நூறு பிரேம். மூன்று நாள் இருந்து ஒவ்வொன்றாக அழித்தேன். அக்காவின் நெற்றி ஓரத்துத் தோலையே எடுத்து நடுவில் ஒட்டினேன். இரண்டாம் நாள் முடிய கண் எரிந்தது. பெருமையாக இருந்தது.

நிபந்தனையை மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஞாபகம் இருந்தது. பொட்டை எடுக்கமாட்டேன் என்றார், எடுக்கவில்லை, சொன்ன சொல் அப்படியே இருக்கிறது என்று நினைத்தேன். அழித்தது நான், அதுவும் கொம்பியூட்டரில். பரு மாதிரி, வயர் மாதிரி.

அந்தத் தரம் பின்னறைக்குக் கொண்டுபோய்க் காட்டவுமில்லை. பெரிய திரையில் திடீரென்று பார்க்கட்டும், வாயடைத்துப் போகட்டும் என்று வைத்திருந்தேன். "என்ன, இன்னும் முடியேல்லையோ?" என்று அக்கா இரண்டு தரம் கேட்டார். "முடியேல்லை அக்கா" என்றேன். இரண்டாவது தரம் சொன்னது பொய்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஒரு பாடசாலை மண்டபத்தின் யன்னல்களைக் கறுப்புத் துணியால் மறைத்துப் படங்களைப் போட்டோம். அக்கா மாமியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மாமி படம் பார்க்க வருவது அதுதான் முதல் தடவை. மருமகளின் நடிப்பைப் பார்க்க வெளுத்த சீலை கட்டி, தலை இழுத்து, இரண்டாவது வரிசையில் நேராக இருந்தார். நான் ஓரத்தில் சுவரோடு நின்றேன், திரையை அல்ல, அவர்களைப் பார்க்க.

முதுகுக் காட்சி வந்தபோது அக்கா குனிந்து மாமியின் காதில் ஏதோ சொன்னார். எடுக்கவில்லை, பயப்பிடாதேங்கோ என்று சொல்லியிருப்பார். மாமி அவருடைய கையைத் தட்டிக் கொடுத்தார்.

பிறகு முகம் வந்தது. பெரிதாக, வெறும் நெற்றியோடு.

ஒன்று, இரண்டு என்று நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தோ ஆறோ எண்ணும்போது மாமி திரையிலிருந்து கண்ணை எடுத்து அக்காவின் பக்கம் திரும்பினார். அந்த அரை இருட்டில் கையை உயர்த்தி, பெருவிரலை அக்காவின் நெற்றியில் வைத்துத் தேய்த்தார். விரலைத் திரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிவப்பு இருந்தது.

"இண்டைக்கு வைச்சிருக்கிறாய்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சனம் கை தட்டத் தொடங்கிவிட்டது. எழுந்து நின்று தட்டினார்கள். அக்கா நெற்றியில் கலைந்த குங்குமத்தோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், எழுத்துகள் போய் முடியும்வரை. என்னுடைய பெயர் இரண்டு தரம் போனது.

வெளியே வந்ததும் ஓடினேன். "அம்மா, அது நான் செய்தது, மூண்டு நாள் இருந்து கொம்பியூட்டரிலை..." மாமி என்னைப் பார்த்து, நல்ல படம் தம்பி என்று சொல்லிவிட்டு பஸ் வருகிற பக்கம் நடந்தார். அக்கா நின்றார்.

"நீ என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"அக்கா, நான் யோசிக்கேல்லை..."

"நீ யோசிக்கேல்லை. ஓம். மூண்டு நாள் இருந்து செய்தனீயாம், யோசிக்கேல்லையாம்."

அடுத்த நாள் காலையில் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்கந்தபுரம் போனேன். ஆதாரம் இருக்கிறதே என்று ஒரு தைரியம். மாமியை மர வாங்கில் இருத்தி, எடுத்தபடியே இருந்த துண்டைப் போட்டேன். அதே கிணற்றடி, அதே பார்வை, நெற்றியில் பொட்டு.

"பாருங்கோ அம்மா. இதுதான் உண்மையாய் எடுத்தது. பொட்டு இருக்கு. நான்தான் பிறகு அழிச்சனான்."

மாமி கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் பார்த்தார்.

"தம்பி, இருந்ததை அழிக்க ஏலுமோ?"

"ஏலும் அம்மா. ஒவ்வொரு படமாய் அழிக்கலாம்."

"அப்ப இல்லாததை வைக்கவும் ஏலும்தானே?"

குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. ஸ்ரூடியோவில் பொட்டு வைக்க மறந்துபோன ஒரு மணமகளுக்கு அதற்கு முந்தின மாதம்தான் நான் பொட்டு வைத்துக் கொடுத்திருந்தேன். இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கவேண்டும். என் வாய் ஓம் என்றது.

அக்கா குசினி வாசலில் வந்து நின்றார். "மாமி, உங்களாணை எண்டு சொன்னனான்."

"ஓம் பிள்ளை. சொன்னனீ."

குரலில் கோபம் ஒரு துளியும் இல்லை.

அந்த மாதமே மாமி கனகராயன்குளத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வயல்வெட்டு, பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை என்று காரணம். பைலையும் கொண்டுபோனார். அதைக் கொண்டுபோனால் திரும்பி வரமாட்டார் என்று அக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. படத்தை இனி எங்கேயும் போடமாட்டேன், அழித்துவிடுகிறேன் என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். "இன்னும் எதை அழிக்கப்போறாய்?" என்று ஒரு வரி வந்தது.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிறு காலை மோட்டச்சைக்கிளில் கனகராயன்குளம் போனேன். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டு போனேன். மாமி முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். பேரனை அனுப்பிக் கதிரை எடுப்பித்தார், பிளேன்ரீ தந்தார், சாப்பிட்டனியோ என்று கேட்டார். நான் தொடங்கியதும் கையைக் காட்டினார்.

"தம்பி, நீர் அவளுக்காக வந்திருக்கிறீர். நல்ல பிள்ளை. எனக்கு அவளிலை கோவமில்லை. அவள் எடுத்திருந்தாலும் நான் ஒண்டும் சொல்லியிருக்கமாட்டன். எத்தினை வருசம் அந்தப் பிள்ளை என்னோடை கிடந்து காயுது. எனக்கு ஒளிச்சிருக்கத் தேவையில்லை, அதுதான் நெஞ்சுக்கை கிடக்கு."

"அவ எடுக்கேல்லை அம்மா. சத்தியமாய் எடுக்கேல்லை."

"சரி தம்பி, சரி." நெல்லைக் காலால் கிளறிவிட்டார். "ஆரும் நல்ல பெடியன் கேட்டு வந்தால் கட்டச் சொல்லும். நான் சொன்னதெண்டு சொல்லும்."

எனக்கு அப்போது பெரிய பாரம் இறங்கினதுபோல இருந்தது. அந்த முட்டாள் சந்தோசத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. கோபம் இல்லையாமே! மன்னித்துவிட்டாரே! பிரதான வீதிக்கு வந்ததும் பொறுக்கமுடியாமல் ஒரு மரநிழலில் மோட்டச்சைக்கிளை நிறுத்தி அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, மாமிக்குக் கோவமில்லை! இப்பதான் கதைச்சுப்போட்டு வாறன். நீங்கள் எடுத்திருந்தாலும் பரவாயில்லையாம். நல்ல ஆள் வந்தால் கலியாணம்கூடக் கட்டச் சொல்லுறா."

ஒரு லொறி போனது, காதைப் பொத்திக்கொண்டேன். லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறவில்லை.

"கட்டச் சொன்னவாவோ?" என்றார் அக்கா.

"ஓம் அக்கா. தான் சொன்னதெண்டு சொல்லச் சொன்னவா."

"மாமியே சொன்னவாவோ? தன்ரை வாயாலை?"

"ஓம்."

போனை மற்றக் காதுக்கு மாற்றிப் பிடித்தேன்.

"அப்ப மாமி அவரை விட்டிட்டா" என்றார் அக்கா. மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோல. "ரெண்டு பேராய் நிண்டனாங்கள். இனி நான் தனிய."

போன் நின்றது. திரும்ப எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அந்த வீதியோரத்தில் நின்று இன்னும் நாலைந்து தரம் எடுத்தேன்.